கிளப் ரோட்டில் தலை எண்ணியது

ஆசீர்வாதம் பொய்க்கணக்கு எழுதுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததைக் கேட்கிற எவருக்கும் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். கருவேலங்குளத்துக்காரர்களுக்கும் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரோடு இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர் வேலை என்றால் ஊர் என்ன நினைக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு கோல்ஃப் கிளப் இருந்தது. மில் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் போட்ட மைதானம். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு நம்மூர் முதலாளிமார், டாக்டர்கள், வக்கீல்கள் கைக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிற கோடையிலும் அங்கே புல் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். அது போகட்டும். எண்பத்தொன்றாம் வருஷம் கிளப்புக்கு ஒரு ஆசை வந்தது. ஓடு வேய்ந்த பழைய கிளப் கட்டடத்தை விரித்துக் கட்ட வேண்டும். கல்யாண ரிசப்ஷன் வைக்கிற அளவுக்கு ஒரு ஹால், வெளியூர்க்காரர்கள் தங்க மாடியில் அறைகள், கார் நிறுத்த ஒரு பெரிய திடல். அத்தனை காருக்கும் பின்பக்கச் சந்து போதாது என்று, மேலூர் ரோட்டிலேயே அகலமாக ஒரு வாசல் திறக்க அனுமதி கேட்டு எழுதினார்கள்.

வாசல் வைக்க அவர்கள் குறித்த இடத்தில்தான் கருவேலங்குளத்து பஸ் ஸ்டாப் இருந்தது. ஊர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டாப் கிளப் சுவரை ஒட்டி இந்தப் பக்கம். மதுரைக்குக் காய்கறிக் கூடை கொண்டுபோகிற பொம்பளைகள், மில்லுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ரோட்டைக் கடந்து வந்து அங்கேதான் நிற்பார்கள். ஸ்டாப்பைத் தூக்கி ஓடைப்பாலத்துக்கு அப்பால் போட்டுவிடலாம் என்பது கிளப்பின் யோசனை. அந்தப் பாலத்தைப் பார்த்தவர்கள் அப்படி யோசிக்க மாட்டார்கள். திருச்சி லாரி இரண்டு எதிரெதிரே வந்தால் நடுவில் ஒரு ஆள் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. ஆனால் கிளப்பில் யார் நடந்து போகிறார்கள், பாலத்தின் அகலம் தெரிய?

கிளப் விரிந்தால் ரோட்டில் எத்தனை வண்டி கூடும், அதனால் யாருக்கு என்ன இடைஞ்சல் வரும், எண்ணிப் பார்த்து எழுது என்று பெரிய இன்ஜினியர் ஆசீர்வாதத்திடம் வேலையை ஒப்படைத்தார்.

ஆசீர்வாதம் கண்ணும் கருத்துமாகத்தான் எண்ணினார். ரெண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பங்குனி வெயிலில் ஒரு வாரம் முழுக்கக் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை உட்கார்ந்தார். கார், லாரி, பஸ், மாட்டுவண்டி, சைக்கிள், நடந்து கடக்கிற ஆள் என்று தனித்தனிக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கார்க் கட்டம் நிறைந்தது. லாரிக் கட்டம் பிதுங்கியது. ஆள் கட்டம்தான் வெறிச்சோடிக் கிடந்தது. டவுன் பஸ் வந்து ஸ்டாப்பில் நிற்கக்கூட இல்லை, கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ரெண்டு விசில் கொடுத்துப் போய்க்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் முழுக்க ஊருக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. சாயங்காலமானால் குழாய் ரேடியோவில் சாமி பாட்டு. மாரியம்மன் திருவிழா போலிருக்கிறது என்று ஆசீர்வாதம் நினைத்தார். அவர் வேதக்காரர். அவருக்குத் தெரிந்த திருவிழா மாதா கோயில் திருவிழா. அங்கே கொடியேறிவிட்டால் சுத்துப்பட்டு சனமெல்லாம் வந்து குவியும், ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஆகவே மனுஷன் நியாயமாகத்தான் யோசித்தார். திருவிழா நாளிலேயே இவ்வளவுதான் ஆள் என்றால், சாதாரண நாளில் இன்னும் குறைவாகத்தானே இருக்கும்? இதை மறைக்கக் கூடாது என்று அறிக்கையில் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். 'கணக்கெடுத்தது கிராமத் திருவிழா நாட்களில், எனவே வழக்கமான நாட்களில் கடப்போர் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே இருக்கும்.' எழுதி முடித்துவிட்டு, கடமையைச் சரியாகச் செய்த திருப்தியோடு ஸ்கூட்டரை மிதித்து வீட்டுக்குப் போனார். பாவி மனுஷன், அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

சித்திரை பிறந்தது. அறிக்கையைப் பார்த்து ஆபீசில் சம்மதித்துவிட்டார்கள், ஆர்டர் போடுவதுதான் பாக்கி. புது வாசலுக்கு அளந்து சுண்ணாம்புக் கோடு போட அவரையே அனுப்பினார்கள். காலையில் போய் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டாப்பில் சந்தை மாதிரிக் கூட்டம். கத்தரிக்காய்க் கூடை, கீரைக்கட்டு, இடுப்பில் பிள்ளை, தூக்குவாளி. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே கடந்தது, அவர்களும் அதைச் சட்டை பண்ணாமல் கடந்தார்கள்.

ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருந்தவர் சோணை, கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். அவரிடம் போய், "என்னண்ணே, இன்னைக்கு ஊர்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

"விசேஷமா? தினமும் இப்படித்தான சார்."

"நான் ஒரு வாரம் இங்கயேதான உக்காந்திருந்தேன்? ஒரு ஈ காக்காயக் காணோமே அப்ப?"

"அப்ப காப்புல்ல கட்டியிருந்தாங்க," என்றார் சோணை, டீயை ஆற்றிக்கொண்டே. "இந்த ஊர்ல அது ரொம்ப கண்டிசன் சார். அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா பொங்கல் முடியிற வரைக்கும் ஒருத்தரும் எல்லை தாண்ட மாட்டாங்க. இந்த ரோடுதான் எல்லை. காய்கூட யாவாரி உள்ள போய் எடுத்துட்டு வந்துருவான். பொங்கல் அன்னைக்குத்தான் வெளியூர்ச் சனம் வரும். நீங்க அதுக்கு முதநாளே நாக்காலியத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே."

ஆசீர்வாதம் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இத அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நீங்க கேக்கலையே சார். காரைத்தான் எண்ணுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். சீனியம்மாள். ஊரில் பாதிப் பேருக்குத் தோட்டத்துக் காயை மொத்தமாக எடுத்து மதுரையில் விற்றுக் கொடுக்கிறவள். அவள் பேசினால் ஸ்டாப்பே அடங்கிவிடும்.

"ஸ்டாப்பு வேணாம்னு எழுதிக் கொடுத்த ஆபீசரு நீங்கதானா? எம்புட்டுய்யா வாங்குனீங்க?"

சுருக்கென்றது அவருக்கு. "நான் ஒத்தப் பைசா வாங்கலம்மா."

"வாங்காமத்தான் ஊர்ல சனமே இல்லைன்னு எழுதினீங்களாக்கும்? எங்க வீட்டுக்காரரு அந்தப் பாலத்துலதான் செத்தாரு. தெரியுமா? சைக்கிளத் தள்ளிக்கிட்டுத்தான் போனாரு, ஏறிக்கூடப் போகல. லாரிக்காரன் அணைச்சு இடிச்சுட்டுப் போயிட்டான். இப்ப எம் மருமக ஒச்சாயி மாசமாயிருக்கா. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பாலத்து மேல நடந்து போய் பஸ் ஏறச் சொல்றீங்க. நல்லாருங்க சாமி."

அவள் கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். 'நல்லாருங்க' என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனதுதான் தாங்கவில்லை.

சுண்ணாம்புக் கோடு போடாமலே திரும்பினார். ராத்திரிச் சாப்பாட்டில் கை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, பள்ளிக்கூடத்து டீச்சரான அவர் மனைவி பாக்கியமேரி விசாரித்தாள். சொன்னார். அவள் பரீட்சைப் பேப்பரைக் கீழே வைத்தாள்.

"நமக்குக் கொடியேறுனா சனம் உள்ள வரும். அவங்களுக்குக் காப்புக் கட்டுனா சனம் வெளிய வராது. இது தெரியாதா உங்களுக்கு? என் கிளாஸ் பிள்ளைகளே காப்புன்னு சொல்லி லீவு போடுதுங்களே."

"இப்பச் சொல்லு."

"என்னைக் கேட்டா எண்ணப் போனீங்க? போய் உள்ளதச் சொல்லுங்க. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் பெரிய இன்ஜினியர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஃபைலைப் புரட்டி, அந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது யார் எழுத்துய்யா?"

"என் எழுத்துதான் சார்."

"திருவிழாவுலயே ஆள் இல்ல, மத்த நாள்ல இன்னும் இருக்காதுன்னு நீயே எழுதியிருக்க. இப்ப நீயே வந்து தலைகீழாச் சொல்ற. கிளப் செக்ரட்டரி என்னைய என்ன கேப்பாரு? ஊர்க்காரன் மிரட்டினான், இவன் மாத்திட்டான்னு கேப்பாரா மாட்டாரா?"

பெரிய இன்ஜினியர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தார்.

"சரி. வர்ற திங்கக்கிழமை ஒரு நாள் மறுபடி எண்ணு. நானும் வாரேன். செக்ரட்டரியையும் கூட்டிட்டு வாரேன், அப்பத்தான் நாளைக்கு எவனும் வாய் திறக்க மாட்டான். நீ சொல்ற மாதிரி கூட்டம் இருந்தா, ஸ்டாப் இருந்த எடத்துலயே இருக்கட்டும், கிளப் வாசல வேற பக்கம் வச்சுக்கிடட்டும். ஆனா ஒண்ணு. ஊர்ல யார்ட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா கூட்டம் சேத்துருவாங்க. அப்புறம் கணக்குக்கு மரியாதை இருக்காது."

"சொல்ல மாட்டேன் சார்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் போய் நாற்காலியைப் போட்டிருந்தால், எப்போதும் வருகிற கூட்டம் எப்போதும் போல வந்திருக்கும், கட்டம் தானாக நிறைந்திருக்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் 'எம்புட்டு வாங்குனீங்க' என்ற கேள்வி காதுக்குள்ளேயே கிடந்து குடைந்தது. அவள் தன்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அதை ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை. ஊருக்கு நல்லது செய்யப் போகிறவர் தனக்கு நல்ல பேரையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள நினைத்தார். சனிக்கிழமை வேறு வேலையாக மேலூர் போகிறவர் போல ஸ்டாப்பில் ஸ்கூட்டரை நிறுத்தி, சீனியம்மாளைத் தனியே அழைத்தார்.

"நான் ஆபீசுல சொல்லிட்டேம்மா. திங்கக்கிழமை மறுபடி எண்ணப் போறோம். பெரிய ஆபீசரே வாராரு. நீங்க எப்பவும் போல வந்து போனாப் போதும். வேற ஒண்ணும் வேணாம். யார்ட்டயும் சொல்லாதீங்க."

சீனியம்மாள் அவரையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "உங்களப் போயி அன்னைக்கு அப்படிப் பேசிட்டேனே சார். நாக்குல சனி. நீங்க சொல்லிட்டீங்கள்ல, நான் பாத்துக்கிடுறேன்."

"பாத்துக்கிட ஒண்ணுமில்லம்மா. எப்பவும் போல."

"எப்பவும் போலத்தான் சார். நீங்க கவலைப்படாதீங்க."

இலகுவான மனதோடு அவர் போனார். யார்ட்டயும் சொல்லாதே என்றால் கருவேலங்குளத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சோணையிடமாவது கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை விடியலிலேயே ஆசீர்வாதம் வந்து உட்கார்ந்துவிட்டார். முதல் டவுன் பஸ்ஸுக்கே கூட்டம் வந்தது. கூடைகளோடு, வாளிகளோடு, ஆஸ்பத்திரிச் சீட்டோடு. கோடு மேல் கோடாக விழுந்தது. இரண்டாவது பஸ், மூன்றாவது பஸ். பெரிய இன்ஜினியரின் ஜீப் வருவதற்கு முன்னாலேயே ஆள் கட்டம் நிறைந்து, அடுத்த தாளுக்குப் போய்விட்டது. 'போதுமய்யா, இதுவே போதும்' என்று அவர் மனசுக்குள் ஜெபம் பண்ணாத குறை.

ஜீப் வந்தது. கிளப் செக்ரட்டரியும் இறங்கினார், வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இருவரும் வேப்பமரத்தடியில் நிற்க, ஆசீர்வாதம் பெருமையோடு தாளைக் காட்டினார்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து மாட்டுவண்டிகள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, வெறும் வண்டிகள். ரோட்டைக் கடந்து கிளப் சுவரோரம் ஒரு வட்டமடித்து, மறுபடி ரோட்டைக் கடந்து திரும்பின. பின்னாலேயே சைக்கிள்கள். அதற்கும் பின்னால் பொம்பளைகள், தலையில் கூடையோடு. கூடையில் ஒன்றுமில்லை. கடந்து வந்தவர்கள் ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸில் ஏறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கடந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் சம்பந்தக்காரர்களை வரவழைத்திருந்தார்கள் போலிருக்கிறது, ஆசீர்வாதம் ஒருநாளும் பார்க்காத முகங்கள். ஊர்ப் பெரிய மனுஷர் முத்திருளன் கருவேல மரத்தடியில் தோளில் துண்டோடு நின்று, "நிக்காதீங்கப்பா, போய்க்கிட்டே இருங்க, போய்க்கிட்டே இருங்க" என்று கையை ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதத்தின் கை கோடு போடுவதை நிறுத்திவிட்டது.

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இடுப்பில் கை வைத்து மெதுவாகக் கடந்து வந்தாள். ஒச்சாயிதான். பெரிய இன்ஜினியர் அவளை நிறுத்தினார். குரலில் கோபம்கூட இல்லை.

"எங்கம்மா போற?"

"இந்தப் பக்கம் சார்."

"இந்தப் பக்கம் என்ன சோலி?"

ஒச்சாயி திகைத்துப் போனாள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "ஒண்ணுமில்ல சார். திரும்பிப் போகணும்," என்றாள்.

செக்ரட்டரி சிரித்துவிட்டார். பேச வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார்.

"சார், காலையில வந்தது நெசமான கூட்டம் சார்," என்று ஆசீர்வாதம் தாளை நீட்டினார். "நீங்க வர்றதுக்கு முந்தி எண்ணுன தாளு மட்டும் பாருங்க சார். அது தினசரி வர்ற சனம்."

"எது தினசரிக் கூட்டம், எது கூட்டிட்டு வந்த கூட்டம்னு யாருய்யா பிரிக்கிறது? நீயா?" பெரிய இன்ஜினியர் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "ஊர்ல சொன்னியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சோணை சொன்னான், யாரோ சொன்னார்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அந்தப் பொய் ஸ்டாப்பைக் காப்பாற்றியும் இருக்கலாம். ஆனால் நம்ம ஆசீர்வாதத்துக்கு அது வராது.

"சொன்னேன் சார்."

பெரிய இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். "அப்ப பழைய கணக்குதான்யா நிக்கும். உன் கையெழுத்துப் போட்ட கணக்கு. நான் என்ன பண்ண முடியும் சொல்லு? நாளைக்கு ஆர்டர் போட்டுருவேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போர்டு நடுறதுக்கு நீயே ஏற்பாடு பண்ணிரு."

ஜீப் கிளம்பிப் போனது. புழுதி அடங்கும்வரை ஆசீர்வாதம் அதே இடத்தில் நின்றார். ரோட்டில் இன்னும் சனம் கடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். இந்தப் பக்கம் வந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். சித்திரை வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் காலில் செருப்பில்லை.

சீனியம்மாள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன சார், ஆபீசரு பொசுக்குனு போயிட்டாரு? திருப்திதான அவருக்கு? பக்கத்து ஊருக்கெல்லாம் ஆள் விட்டுக் கூட்டிட்டு வந்தோம் சார். ஒச்சாயிய வீட்ல இருடின்னு சொன்னேன், கேக்கல. நம்ம ஸ்டாப்புக்கு நான் நடக்காமயான்னு வந்துட்டா. காலு வீங்கிப்போச்சு அவளுக்கு. போதுமா சார்? இல்ல, இன்னும் வேணும்னா சொல்லுங்க, பொழுது சாயிற வரைக்கும் நடப்போம்."

அவளிடம் என்னவென்று சொல்வது? உங்கள் காலால்தான் காரியம் கெட்டது என்றா? அதைச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை?

"போதும்மா," என்றார். "எல்லாரையும் நெழலுக்குப் போகச் சொல்லுங்க. ஒச்சாயிய உக்காரச் சொல்லுங்க."

சீனியம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். "போதுமாம்! சாரு சொல்லிட்டாரு! ஸ்டாப்பு நமக்குத்தான்!"

ரோட்டின் ரெண்டு பக்கமும் குலவைச் சத்தம் எழுந்தது. முத்திருளன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, சோணை கடையிலிருந்து ஒரு கலர் பாட்டிலை உடைத்து ஆசீர்வாதத்தின் கையில் கொடுத்தார். "வெயில்ல ரொம்ப நேரமா நிக்கிறீங்க சார். குடிங்க." சுற்றிலும் வேர்வையோடு அத்தனை பேரும் அவர் குடிப்பதைப் பார்க்க நின்றார்கள். ஒச்சாயி மைல்கல்லில் உட்கார்ந்து, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆசீர்வாதம் குடித்தார்.